சிகரெட்டுக்குப் பார்சல் கிடையாது

"பாக்கெட்டா குடு" என்று கேட்கிறவன் ஊருக்குப் புதியவன் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாராவார்கள். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நானும் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன்.

அந்தப் பெட்டிக்கடையில் சிகரெட்டும் பீடியும் ஒற்றை ஒற்றையாகத்தான் கிடைக்கும். வாங்கியவன் அங்கேயே நின்று ஊதி முடித்து, மிச்சத்தைக் காலால் நசுக்கி, பக்கத்தில் இருக்கும் நீல டிரம்மில் தண்ணீர் மொண்டு வாய் கொப்பளித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. காதில் செருகிக்கொண்டும் போகக் கூடாது. மீறினால் கடைக்காரி எழுந்து வெளியே வந்துவிடுவாள்.

"டீக்குப் பார்சல் உண்டு, போண்டாவுக்குப் பார்சல் உண்டு. சிகரெட்டுக்குப் பார்சல் கெடையாது. இங்கயே ஊதிட்டு வூட்டுக்கு வெறும் ஆளா போ."

கடலூரில், தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற தெரு எங்களுடையது. முனையில் ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை, அதை ஒட்டி அவள் கடை. எட்டு வருடம் எதிரெதிரே கடை வைத்திருந்தோம். நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னை "ஏ ஜெராக்ஸு" என்பாள். அவள் பெயர் எனக்கு அந்த எட்டாவது வருடம்தான் தெரிந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "எம் பேர வச்சிகினு இன்னா பண்ணப் போற, ரேஷன் வாங்கப் போறியா?" என்று கேட்கக்கூடியவள் அவள்.

வேறு கடையே இல்லையா என்றால், இருந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஐந்து நிமிட நடையில். ஆனால் எந்நேரமும் ஊதுகிற ஆண்களுக்கு ஐந்து நிமிடம் நடக்க மூச்சு ஏது? தவிர, அந்தக் கடைக்குப் போய்வந்தவனை மறுநாள் இவள் பேசுகிற பேச்சுக்கு, இங்கேயே நின்று ஊதிவிடுவது மேல் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

ஒருமுறை புல்லட்டில் வந்த ஒரு ஆள், மணல் லாரி ஓட்டுகிறவன், அவள் திரும்பியிருந்த நேரத்தில் கையை உள்ளே விட்டு ஒரு பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அவள் வெளியே வந்து வண்டிச் சாவியை உருவிவிட்டாள். அவன் கை ஓங்கினான். நான் போனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ஆட்டோக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

அவள் அசையவே இல்லை. "வூட்ல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"உனக்கு எதுக்கு அது?"

"சொல்லு. யாரு இருக்கா?"

"பொண்டாட்டி. மாசமா இருக்கா. இப்ப இன்னான்ற?"

அவள் கையை நீட்டினாள். அவன் பாக்கெட்டை எடுத்து அவள் முகத்தில் விட்டெறிந்தான். சாவியைப் பிடுங்கிக்கொண்டு, சொல்லக் கூசும் வார்த்தை நான்கைச் சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் அதே ஆள் வந்து, ஒன்றே ஒன்று வாங்கி, டிரம்முக்குப் பக்கத்தில் நின்று ஊதினான். அவள் வாய் கொப்பளிக்கச் சொம்பை எடுத்துக் கொடுத்தாள்.

என் வீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். முன்னறை கடை, பின்னால் இரண்டு அறை வீடு. என் வீட்டுக்காரர் மர டிப்போவில் சூப்பர்வைசர். நல்ல மனிதர், சிகரெட் மட்டும் விடமாட்டார். மகளுக்கு இரண்டு வயதில் இழுப்பு வந்தது. மாதம் இரண்டு முறை அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவேன். "ஜன்னல் கிட்டதான நிக்கிறேன்" என்பார் இவர். ஜன்னலிலிருந்து காற்று உள்ளேதான் அடிக்கும் என்பதை அவருக்கு விளக்கி விளக்கி ஒருநாள் டம்ளரை விட்டெறிந்தேன். மறுநாள் காலை அக்கா அவரை நிறுத்தினாள்.

"தம்பி, நேத்து ஒங்க வூட்ல டம்ளர் வுழுந்த சத்தம் எங் கடை வரைக்கும் கேட்டுச்சு."

"அது ஒண்ணும் இல்லக்கா, கை தவறி..."

"பாப்பா மூச்சு வாங்கிகினு கெடக்குது. இன்னியிலேர்ந்து ஒனக்கும் பார்சல் கெடையாது."

கட்டின பெண்டாட்டி இரண்டு வருடமாகச் சொல்லிக் கேட்காதவர், பெட்டிக்கடைக்காரி சொன்னதும் கேட்டார். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். ஆனால் ஆறு வருடம் என் வீட்டுக்குள் புகை இல்லை. மகளுக்கு இழுப்பு குறைந்தது. நெபுலைசர் மிஷினைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். நான் வைத்த மீன் குழம்பில் முதல் கிண்ணம் அவளுக்குத்தான் போகும். தெருவில் இன்னும் பல வீடுகளிலிருந்து இட்லி போகும், பொங்கலுக்கு ரவிக்கைத் துணி போகும். மகராசி என்று வாயாரச் சொன்னோம். எங்கள் வீடுகளிலிருந்து கிளம்பிய புகை எங்கே போகிறது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. எனக்கு ஒரு சண்டை மிச்சம், அவ்வளவுதான் என் கணக்கு.

அவள் கடையைக் கடை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். மூன்று பக்கமும் தகரம், மேலேயும் தகரம். முன்னால் நிற்பவர்களுக்கு ஒரு சாய்ப்பு. மேற்கு வெயிலுக்காக மதியத்திலிருந்து ஒரு பக்கம் தார்ப்பாய் தொங்கும். மழை வந்தால் எல்லாப் பக்கமும் தொங்கும். பீடி பற்றவைக்க நெருப்பு வைத்த கயிறு ஒன்று அவள் இடது தோள் பக்கம் நாள் முழுவதும் கனன்றுகொண்டிருக்கும். ஆண்கள் மிட்டாய் பாட்டில்கள்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்று பேசுவார்கள், ஊதுவார்கள். அவர்கள் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் ஒரு முழம் இருக்கும். அவள் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டே இருப்பாள். காலையில் வெள்ளையாக இருக்கும் அவள் முந்தானை ஓரம் சாயங்காலம் வேறு நிறத்தில் இருக்கும்.

பெண்களையும் பிள்ளைகளையும் அவள் முன்பக்கம் நிற்கவே விடமாட்டாள். தெருப்பக்கத் தகரத்தில் ஒரு ஓட்டை வெட்டி வைத்திருந்தாள். தேங்காய் பத்தை, ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் அது வழியாகத்தான். "அந்தாண்ட போ, அந்தாண்ட போ" என்று அவள் விரட்டுவது தெருவுக்கே கேட்கும். அவளைப் பற்றித் தெரியாத பெண்கள் கோபித்துக்கொண்டு போவார்கள்.

தெரிந்த நானே ஒருநாள் கோபித்துக்கொண்டேன். ஐப்பசி மழை. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பும்போது பிடித்துக்கொண்டது. குடை இல்லை. அவள் சாய்ப்புக்குள் ஓடிப்போய் நின்றேன். நாலு பக்கமும் தார்ப்பாய், உள்ளே ஏழெட்டு ஆண்கள், கண் எரிகிற புகை. என்னைப் பார்த்ததும் அவள் கத்தினாள்.

"நீ இன்னா பண்ற இங்க? வெளிய போ."

"அக்கா, மழை..."

"தெரியுது. போ. நனைஞ்சா துண்டால தொடச்சிக்கலாம். போ சொல்றேன்ல."

ஆண்கள் சிரித்தார்கள். நான் கொட்டுகிற மழையில் தெருவைக் கடந்து, உடம்பெல்லாம் நனைந்து கடைக்குள் வந்து, ஆத்திரத்தில் அழுதேன். நான்கு நாள் அவளோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் கரண்ட் இல்லாத நேரத்தில் அவளே வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மன்னிப்பு எதுவும் கேட்காமல், தன் அண்ணியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"எங்கண்ணி ஒரு பீடியக் கையால தொட்டதில்ல. அண்ணன் கடலுக்குப் போற அன்னிக்குக் கடல்ல ஊதும். போவாத அன்னிக்கு வூட்ல ஊதும். மீன்பிடி தடைக்காலம் வந்துச்சுன்னா ரெண்டு மாசமும் நாள் பூரா வூட்லதான். சுனாமிக்குக் கவருமெண்டு கட்டிக் குடுத்த வூடு, ஒரே ரூம்பு. அதுலதான் சமையலு, அதுலதான் படுக்கை. மார்ல கட்டின்னு அண்ணிய கூட்டிகினு போனோம். டாக்டரு, வூட்ல யாரு பீடி குடிக்கிறதுன்னாரு. அண்ணன் தலைய தொங்கப் போட்டுகிச்சு. அதுக்கப்புறம் அண்ணி ஒரு வருசங்கூட இல்ல."

"அப்படின்னா நீங்க இந்தக் கடையே வைக்காம இருந்திருக்கலாமேக்கா." எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"நான் வைக்கலன்னா இன்னொருத்தன் வைப்பான். அவன் பாக்கெட்டா குடுப்பான். வூட்டுக்குள்ள ஊதுனாதான் பொகை நிக்கும். இங்க ஊதுனா கடக்காத்து அடிச்சிகினு பூடும்."

நான் தலையாட்டினேன். பி.காம் படித்தவள் நான். பேசிக்கொண்டிருந்தபோதே என் கடை முழுக்க அவள் தலைமுடியிலிருந்து பீடி நாற்றம் அடித்தது. கடல்காற்று அடித்துக்கொண்டு போன லட்சணம் என் மூக்குக்குத் தெரிந்தது. மூளைக்கு ஏறவில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு புரட்டாசி மாதக் காலையில், அவள் மூன்று அட்டைகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். ஆதார், ரேஷன் கார்டு, மருத்துவக் காப்பீட்டு அட்டை.

"ஏ ஜெராக்ஸு, ஒவ்வொண்ணுலயும் மூணு காப்பி போடு."

ஜெராக்ஸ் கடைக்காரிக்கு ஊரில் பாதிப் பேரின் ரகசியம் தெரியும். பிறப்புச் சான்றிதழோடு வருபவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். பத்திரத்தோடு வருபவன் விற்கப் போகிறான். ரேஷன் கார்டையும் காப்பீட்டு அட்டையையும் சேர்த்துக் கொண்டுவருகிறவர்கள் போகிற இடம் ஒன்றுதான்.

"யாருக்குக்கா உடம்பு சரியில்ல?"

"சும்மா, கையில இருக்கட்டும்னு."

காப்பிகளை வலது கையால் வாங்கினாள். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல வாரமாகவே இடப்பக்கத்து பாட்டிலையும் அவள் வலது கையால்தான் எக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஷட்டரைப் பாதி இறக்கினேன். "எங்கக்கா?" என்றேன்.

"எங்கன்னா?"

"அக்கா."

முந்தானைக்கு மேலே இடது மார்பில் கை வைத்தாள். "வலி இல்ல" என்றாள். பிறகு, "அண்ணிக்கும் வலி இல்ல" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"போன மழைலேர்ந்து."

அவளைத் திட்டினேன். ஏறக்குறைய ஒரு வருடம்! எல்லாம் தெரிந்தவள், அண்ணியை வாரிக் கொடுத்தவள், ஒரு வருடமாக வாயைத் திறக்காமல் சிகரெட் விற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். பார்க்கலாம் என்றாள். மறுநாள் கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றாள். வெள்ளிக்கிழமை அவள் கடை வழக்கம்போல் ஆறு மணிக்குத் திறந்தது. நான் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

"மெதுவா பேசு. கடைய யாரு பாக்கறது?"

"கடை கெடக்குதுக்கா. மூடிப் போடுங்க."

"மூடுனா அல்லாரும் பஸ் ஸ்டாப்பு கடைக்குப் போவானுங்க. பாக்கெட்டா வாங்கிகினு வூட்டுக்குப் போவானுங்க. ஒரு தபா பழகிட்டான்னா அப்புறம் வரமாட்டான்."

"போனா போறானுங்க. நாசமா போவட்டும்."

"ஒன் வூட்டுக்காரனுந்தான் போவான்."

ஆறு வருடமாகப் பரணில் கிடக்கிற மிஷின் கண்முன் வந்தது, மகள் நெஞ்சு ஏறி இறங்குவது வந்தது. அப்படியே திரும்பி வந்தேன். அதோடு விட்டிருந்தால்கூட என்னை நான் மன்னித்திருப்பேன். அடுத்த மூன்று நாள் நான் அவளிடம் ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவில்லை. அவளாகப் போகட்டும், நான் சொல்லவா வேண்டும், அவளுக்குத் தெரியாததா என்று மிஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி செத்தாலும் பரவாயில்லை, என் வீட்டில் புகை வரக்கூடாது என்று நினைத்தேன் என்றா சொல்வது? அப்படி நினைக்கவில்லை. ஆனால் அப்படி நினைத்தவள் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தேன்.

நாலாம் நாள் காலையில் அவள் கடையின் முன்பலகையைத் தூக்கிக் கம்பு கொடுக்க முயன்றாள். பாதிக்கு மேல் கை போகவில்லை. பலகை தடாலென்று விழுந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் தூக்கிவிட எழுந்தார். நான் ரோட்டைக் கடந்து ஓடி, பலகைமேல் கையை வைத்துக்கொண்டேன்.

"யாரும் தூக்க வேணாம். இன்னிக்குக் கடை இல்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஜெராக்ஸ் காப்பிகள் இருந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கடலூரில் காட்டினால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று சிதம்பரம் போனோம். ஆலப்பாக்கம் வரை, இன்று யார் யார் கடைக்கு வந்து திரும்பியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் பேச்சு நின்றது. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது என் மணிக்கட்டைப் பிடித்தவள், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரை விடவில்லை.

டாக்டர் சின்னப் பெண். பரிசோதித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. கேள்விகளை வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

"பீடி, சிகரெட், புகையிலை ஏதாவது பழக்கம் உண்டாம்மா?"

"அய்ய, கெடையாது."

"வீட்ல யாராவது புகைபிடிக்கிறாங்களா?"

"வூட்ல நான் ஒருத்திதாங்க."

டாக்டர் 'இல்லை' என்று எழுதினார். அவள் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். அவள் மனதில் வீட்டுப்புகை வேறு, கடைப்புகை வேறு. டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கடையைப் பற்றிச் சொன்னால் எங்கள் தெருவையே சொல்வதாகும். என் வீட்டுக்காரரைச் சொல்வதாகும். என்னையும் சேர்த்துச் சொல்வதாகும்.

"டாக்டர்" என்றேன். "இவங்க பெட்டிக்கடை வச்சிருக்காங்க. பத்து வருஷத்துக்கு மேல. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஆம்பளைங்க இவங்க மூஞ்சிக்கு நேரா நின்னுதான் ஊதுவாங்க."

அக்கா என்னை முறைத்தாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"அது ரோட்லங்க டாக்டர்" என்றாள் அக்கா. "காத்தாட நின்னுதான்..."

"மேல கூரை இருக்கா?"

"இருக்குது."

"பக்கத்துல மறைப்பு?"

"வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டுவேன். மழைக்கும்" என்றாள்.

டாக்டர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இதனாலதான் வந்துச்சுன்னு ஒரே காரணத்தைக் கை காட்ட முடியாதும்மா. இதுக்கு நிறைய காரணம் இருக்கு. ஆனா மத்தவங்க விடற புகையை வருஷக்கணக்கா சுவாசிக்கிற பொம்பளைங்களுக்கு இந்த நோய் வர ஆபத்து ஜாஸ்தியாகலாம்னு சொல்றாங்க. வீட்ல விட்ட புகையா, கடையில விட்ட புகையான்னு உடம்புக்குத் தெரியாது" என்றார். முன்பு எழுதியதை அடித்துவிட்டு வேறு எதையோ எழுதினார்.

வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். ஊசி போட்டுச் சதை எடுக்கும் பரிசோதனைக்கு ஒரு மணிநேரம் இருந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்ப அவனுங்க வூட்டுப் பொகைய எல்லாம் நானே என்னாண்ட இட்டாந்துட்டேன்."

எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ ஏன் அழுவுற? ஒனக்கா கட்டி? போ, போயி டீ வாங்கிகினு வா" என்றாள்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்து அழவைக்க எனக்கு விருப்பமில்லை. அது மார்பகப் புற்றுநோய்தான். மார்பை எடுத்தார்கள். முடி கொட்டுகிற மருந்தும், கரண்ட் வைப்பது என்று சொல்கிற கதிர்வீச்சும் நடந்தன. அதன்பின் இரண்டு வருடம் வடலூரில் ஒரு சின்ன அறையில் இருந்தாள். ஞான சபைக்கு வருபவர்களுக்குச் சூடமும் பூவும் விற்றாள். இரண்டு தைப்பூசத்துக்கும் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவதற்கு அவள் இல்லை. மூன்று நாள் முன்பே கூட்டிப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று அந்தச் சின்ன டாக்டரிடம் கேட்டேன். மூன்று நாளில் ஒன்றும் மாறியிருக்காது என்றார். நான் எந்த மூன்று நாளைச் சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது.

அவள் வடலூருக்குப் போனது எங்கள் தெருவில் யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரியும். அது என் வீட்டு வாசலில் முடிவானது.

அவள் சொன்னது அப்படியே பலித்தது. கடை மூடிய மறுநாள் என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் பாக்கெட்டோடு வந்தார். பார்த்தேன், பேசவில்லை. முதல் வாரம் மாடிப்படியில் நின்று ஊதினார். மழை பிடித்ததும் ஜன்னலுக்கு வந்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தே ஊதினார். மகளுக்கு எட்டு வயது. ஒரு காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பரணிலிருந்து மிஷினை இறக்கித் துணியைப் பிரித்தேன். அப்போதும் நான் நினைத்தது, அக்கா வரட்டும், வந்து சொல்வாள் என்பதுதான். மார்பை அறுத்துப் படுத்துக்கிடக்கிறவள் எழுந்து வந்து என் புருஷனிடம் எனக்காகப் பேச வேண்டும் என்று காத்திருந்தேன். இந்த வெட்கக்கேட்டை நானே சொன்னால்தான் உண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, புகை இல்லாத இடத்தில் தங்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அவளுக்கு உறவென்று இருந்தது அந்த அண்ணன் மட்டும்தான். அவர் இன்னும் அதே ஒரே அறையில், அதே பீடியோடு இருந்தார்.

"எங்க வீட்டுக்கு வாங்கக்கா" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் வீட்டைத் தேய்த்தேன். திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் துவைத்தேன். பினாயில் போட்டுத் துடைத்து, சாம்பிராணி காட்டினேன். "கொஞ்ச நாளைக்கு வெளியிலயே வச்சுக்குங்க" என்று அவரிடம் கெஞ்சுகிற குரலில் சொன்னேன். சரி சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. தலையில் துணி கட்டியிருந்தாள். ரொம்பவும் இளைத்திருந்தாள். நான் பையை வாங்கிக்கொண்டேன். ஒரு காலை நிலைப்படிக்குள் வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். சாம்பிராணியும் பினாயிலும் யாரை ஏமாற்றும், அவளையா?

"எத்தினி நாளா?" என்றாள்.

"என்னதுக்கா?"

"வூட்டுக்குள்ள எத்தினி நாளா ஊதறான்?"

"நீங்க கடைய மூடுன மறுநாள்லேர்ந்து."

அவள் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே என் மகள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மூச்சில் லேசாக விசில் சத்தம் இருந்தது. எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அவள் நிலைப்படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள். "பாப்பா, எழுந்து வா. வெளிய வா" என்றாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்ததும் நோட்டோடு வாசலுக்கு வந்தாள்.

"வாங்கக்கா, அவருகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்..."

"நான் சொன்னதுக்கு அவன் கடைக்கு வந்து ஊதுனான். பொகை வேற எங்கியும் போவல. எம் மேலதான் வுட்டான், நீ ஒன் வூடு சுத்தம்னு சும்மா இருந்துட்ட. தப்பு ஒன்னுது இல்ல, நானும் அப்டிதான் நெனச்சேன்." மூச்சு வாங்கியது. நிறுத்தி, திரும்பச் சொன்னாள். "இனிமே நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. எனக்குத் தெம்பு இல்ல."

என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். ஆட்டோக்காரரிடம், "வடலூர் பஸ் ஏத்தி வுடு தம்பி. அங்க சபையாண்ட எவனும் ஊத மாட்டான்" என்றாள். மகள் கன்னத்தைத் தொடக் கை நீட்டியவள், தொடாமல் இழுத்துக்கொண்டாள். ஆட்டோ திரும்பிப் போனது.

நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். மகள் என் பின்னால், புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரரின் பைக் வந்தது. விரலிடுக்கில் பாதி எரிந்தது இருந்தது. "அக்கா வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினார். கடைசி இழுப்பை இழுத்துக்கொண்டே உள்ளே வர ஒரு அடி எடுத்து வைத்து, நான் நகர்வதற்காகக் காத்திருந்தார். பதினோரு வருடமாக நகர்ந்து பழகிய கால் எனக்கு. நான் வழிவிடவில்லை.